முப்பது மில்லிஅம்பியர்

வியாழன் இரவு ஏழே முக்காலுக்கு
நிலவறையில் கரண்ட் போகும்.
மூன்று கிழமை, மூன்று வியாழன்.
உடுப்புத் தோய்க்கிற அறையின் முறைக் கொப்பியில்
திருமதி சூர்புகன் நீல மையால் எழுதியிருந்தா:
"இரண்டாம் மாடியின் கல் யந்திரம்."
யந்திரத்தின் கீழே ஒரு கோடு, அடிமட்டம் வைத்து.

கல் யந்திரம் என்னுடையது.
வீட்டில் அரைத்தால் கீழ்வீட்டுக்கு அதிரும் என்று
போன மாரியில் நானே இறக்கிவைத்த கிரைண்டர்.
உளுந்து ஒரு சுண்டு, அரிசி மூன்று.

நாற்பத்தொரு வயதில் வயர் பழகுகிறேன்.
ஆஸ்பத்திரிக் குசினியில் பதினாறு வருசம் தட்டுக் கழுவிவிட்டு
இப்போது ஒல்டன் தொழிற்பள்ளியில்
மீசை அரும்பும் பெடியளுக்கு நடுவே
முதலாம் வாங்கு.

அந்தக் கிழமை பாடம் காந்தம்.
மெரிமா மேசையில் திசைகாட்டியை வைத்தாள்.
ஒற்றை வயரில் கரண்டை விட்டோம்,
ஊசி திடுக்கிட்டு வடக்கை மறந்தது.
திரும்பி வருகிற வயரையும்
போகிறதோடு ஒட்டிப் பிடித்தோம்.
ஊசி கொஞ்சம் ஆடி,
ஒன்றும் நடக்காததுபோல் வடக்கைப் பார்த்தது.
போனதும் வந்ததும் சமன் என்றால்
இரண்டு காந்தமும் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

சுவர்ப் பெட்டிக்குள் இருக்கிற காவல் சுவிட்சும் இதேதான்.
ஒரு இரும்பு வளையம். அதன் ஓட்டைக்குள்ளால்
போகிற வயர், வருகிற வயர்.
பத்து அம்பியர் போய்ப் பத்தும் வந்தால்
வளையத்துக்கு வேலையில்லை.
முப்பது மில்லி குறைந்தால்,
எங்கோ ஈரத்தில், தகரத்தில்,
ஒருவேளை ஒரு ஆளின் கைவழியே
நிலத்துக்கு இறங்கியிருந்தால்,
வளையத்தில் காந்தம் பிறக்கும்,
அதில் சுற்றிய மெல்லிய சுருள் விழிக்கும்.
டக்.

யாருடைய யந்திரம் என்று அதற்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சனிக்கிழமை
கட்டடம் பார்க்கிற ஏபிஷரிடம் சாவி வாங்கினேன்.
மெயினை இறக்கு. பூட்டு. இல்லை என்று அளந்து பார்.
ஆளில்லாத அறையில் வாய்விட்டுச் சொன்னேன்.
கிரைண்டரை இரண்டு தரம் அளந்தேன்,
சொந்தப் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துகிறவள்போல.
இருநூறு மெகாஓம். சுத்தம்.
அந்தச் சந்தோசத்தில் தோய்க்கிற மெஷினையும் அளந்தேன்.
அதுவும் சுத்தம்.

மெரிமாவுக்குப் போன் எடுத்தேன்.
"ஆறிக் கிடக்கையிலா அளந்தாய்?" என்றாள்.

கொப்பியைப் பின்னால் புரட்டினேன்.
வியாழன் ஏழு மணி என் அரைப்பு.
வியாழன் ஏழு மணி
திருமதி சூர்புகனின் வெள்ளை விரிப்புகள், அறுபது பாகை.

அடுத்த வியாழன் கிரைண்டரைத் தொடவில்லை.
படியில் குந்திக்கொண்டு
மெஷினின் வட்டக் கண்ணாடியைப் பார்த்திருந்தேன்.
விரிப்புகள் உருண்டன, தண்ணீர் சூடேறியது,
ஏழே முக்கால்.
டக்.
மெயினை இறக்கி, பூட்டி,
சூடு ஆறுமுன் அளந்தேன்.
சூடாக்குகிற கம்பியின் உறையில் எங்கோ ஒரு வெடிப்பு,
சூட்டில் வாய் திறக்கிறது.
ஐந்து கிலோஓம்.
இருநூற்று முப்பதை ஐயாயிரத்தால் பிரித்தேன்,
கொப்பியின் ஓரத்தில், நீல மைக்குப் பக்கத்தில், பென்சிலால்:
நாற்பத்தாறு மில்லி.
வேறொன்றும் எழுதவில்லை.

புதுக் கம்பி வர பதினொரு நாள்.
அடிமட்டம் வைத்த கோடு அப்படியே இருக்கிறது.
அவ வெட்டவில்லை, நான் கேட்கவுமில்லை.

காவல் சுவிட்சில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழுத்தவும் என்ற எழுத்தின்மேல்
எத்தனையோ வருசத்துச் சவர்க்காரத் தூசி.
நேற்று, உளுந்து பாதி அரைபட,
அழுத்தினேன்.
டக்.
கல் நின்றது. மெஷின் நின்றது.
படிக்கட்டில் செருப்புச் சத்தம்.
"திருமதி பவளராணி! மறுபடியும் உங்கள் யந்திரமா?"

"இல்லை," என்றேன்,
"இது என் விரல்."