ஆணி அடிக்கக் கூடாது

கீழக்கரையில் சாவி கொடுக்கும்போது
சீனி மரைக்காயர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
எழுபது வருஷத்துச் சுண்ணாம்பு.
ஓர் அடிக்கு ஒரு கூடை கொட்டும்.

வாடகை நாலாயிரம்.
மருந்துக்கடைச் சம்பளத்தில்
தண்ணீர் வண்டிக்கும் நுஸ்ரத்தின் பள்ளி வேனுக்கும் போக
மாதம் முந்நூறு மிஞ்சும், மிஞ்சினால்.
அதற்குள் அலங்காரம்.

வாலிநோக்கத்தில்
கப்பல் உடைத்த காலத்து இரும்புகளை
இன்னும் விற்கிற கதிரேசன் கடையில்
ஒரு வட்ட ஜன்னல் சட்டம்.
கண்ணாடி இல்லை.
பித்தளையை யாரோ எப்போதோ உருவியிருந்தார்கள்.
அறுநூறு என்றார்.
இருநூற்றைம்பது என்று சொல்லிவிட்டு
பஸ் நிறுத்தம்வரை நடந்தேன்.
கூப்பிட்டார்.
முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டி உள்ளே பதித்து
அலமாரிமேல் சாய்த்து வைத்தேன்.
எந்தெந்தக் கடலையோ பார்த்த வட்டம்
என் மகள் பல் விளக்குவதைப் பார்க்கத் தொடங்கியது.

சீமைக்கருவேலங் கிளை ஒன்று.
காசு இல்லை, கொஞ்சம் ரத்தம்.
முள் சீவி, பெயின்ட் டப்பாவில் மணல் கொட்டி நட்டோம்.
துப்பட்டா, குடை, வளையல்,
பள்ளிக்கூட அடையாள அட்டை
எல்லாம் அதில் காய்த்தன.

கருப்பட்டி வந்த ஓலைப்பெட்டியைக் கவிழ்த்து
பல்புக்கு மாட்டினேன்.
கரண்ட் இருக்கும் இரவுகளில்
அறை முழுக்க முடைந்த வெளிச்சம்.

மீன் கொண்டுவரும் ரோக்கியம்
கிழிந்த வலையொன்றை இனாமாகத் தந்தாள்.
மூன்று தண்ணீரில் அலசியும் வாடை போகவில்லை.
உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டேன்
(உத்திரம் சுவரில் சேராது).
தெருப்பூனை ஒன்று நாலு நாள்
அண்ணாந்தபடியே உட்கார்ந்திருந்தது.
பிறகு ஏமாற்றம் பழகி, எங்களோடே தங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பையன்
பவளப்பாறைத் துண்டு கொண்டுவந்தான்,
மேசைக்கு அழகா இருக்கும்கா என்று.
பாரஸ்ட்காரன் பார்த்தால் எனக்கு வேறு வீடு பார்த்துத் தருவான்,
எடுத்த இடத்திலேயே போட்டுட்டு வா என்றேன்.
போட்டானா, தெரியாது.

படுக்கையறைச் சுவர் மட்டும்
உப்புப் பூத்துக்கொண்டே இருந்தது.
தேய்த்தேன், நீலம் கலந்து பூசினேன்,
திட்டியும் பார்த்தேன்.
உரிந்தது.
கடைசியில் வெறும் படச்சட்டம் ஒன்றை
நாற்காலியில் நிறுத்தி அந்தக் கறைக்கு முன்னால் நகர்த்தினேன்.
நுஸ்ரத் கீழே எழுதி ஒட்டினாள்: தீவு.
ஐப்பசி மழையில் தீவு வளர்ந்து
சட்டத்துக்கு வெளியே ஒரு கால் நீட்டியது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் மரைக்காயர் வந்தார்.
சுவர் சுவராக விரலால் தடவி
ஆணித்துளை தேடினார்.
இல்லை.
அப்புறம்தான் நிமிர்ந்தார்.
வலை. வட்டம். கிளை.
போனில் படம் எடுத்தார்,
தீவை மட்டும் இரண்டு தரம்.
டீயைப் பாதியில் வைத்துவிட்டு,
வீடு இவ்வளவு லட்சணமா இருக்கேம்மா,
ஆறாயிரம் தரலாம்தானே என்றார்.

மாதக் கடைசியில்
முனியராஜின் குட்டியானை வாசலில் நின்றது.
முக்கால் மணி நேரம்தான் ஆனது.
பிடுங்க என்ன இருந்தது அங்கே?
வலை மடங்கிற்று. வட்டம் போர்வைக்குள் போயிற்று.
பூனை தானாக ஏறிக்கொண்டது.
கருவேலங் கிளை
டிரைவர் பக்கத்தில் துப்பட்டாவோடு நின்றபடி வந்தது.

திரும்பிப் பார்த்தேன்.
நாங்கள் வந்த அன்றிருந்த அதே வீடு.
தீவு மட்டும் பெரிதாகியிருந்தது.
அதை அவருக்கே விட்டுவிட்டேன்.

பெரியபட்டினம் சாலையில் புது இடம், மூவாயிரத்து ஐந்நூறு.
வீட்டுக்காரம்மா தாராளம்:
எத்தனை ஆணி வேணும்னாலும் அடிச்சுக்கங்க.

நுஸ்ரத் என்னைப் பார்த்தாள்.
நம்மகிட்ட சுத்தியலே இல்லையே உம்மா.