வந்த நேரம்

முள்ளோடை வந்ததும் பஸ்ஸில் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள்.
அவர்கள் வந்த வேலை வேறு.
நான் கோரிமேடு போகிறவன்.
காலையிலிருந்து ஒன்றுகூடப் பற்ற வைக்கவில்லை.
சட்டைப்பையில் தீப்பெட்டி மட்டும்
பழக்கதோஷத்தில் குலுங்கிக்கொண்டு வந்தது.

ஊதுகிற சோதனை போன மாசமே நார்மல்.
ஏலத்தில் விலை ஏற்றுகிறவள் மாதிரி அந்தப் பெண்
இன்னும் இன்னும் இன்னும் என்றாள், ஊதினேன், நார்மல்.
அதோடு விட்டிருக்கலாம்.
இது ஆராய்ச்சியாம். கையெழுத்துப் போட்டால்
பஸ் செலவும் ஒரு டீயும்.

"பிச்சாண்டி, ஐம்பத்தொன்று" என்று கூப்பிட்டு
ஜெசிந்தா மூக்குக்கு கிளிப் மாட்டினாள்.
"எண்ணெய்த் துளிண்ணா, கண்ணுக்குத் தெரியாது,
தலைமுடியில நூறுல ஒரு பங்கு.
உள்ள இழுங்க. மெதுவா விடுங்க.
எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சு,
எப்ப வந்துச்சுன்னு லேசர் எண்ணிக்கும்."

வாயில் குழாய். இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன்:
இருபத்தாறு வருசமாக என் வேலையும் அதுதானம்மா.

முதுநகர் துறைமுகத்தில் டோக்கன் போடுகிறவன் நான்.
இருட்டோடு கிளம்பும் படகை நோட்டில் ஏற்றுவேன்.
பெயர், ஆள், டீசல், போன நேரம்.
கடைசிக் கட்டம் காலியாக இருக்கும்.
அது நிரம்பும்வரை ஒரு சிகரெட்,
தாமதமானால் இரண்டு,
காற்று முரண்டினால் பாக்கெட்.
படகை எண்ணினேன்,
புகையை எண்ணவில்லை.
உள்ளே போனதை யாராவது எண்ணுவார்கள் என்று
நினைத்ததும் இல்லை.

திரையில் இரண்டு மேடு காட்டினாள்.
போனது ஒடுக்கமாய், நெட்டுக்குத்தாய்.
வந்தது தட்டையாய், அகன்று, ஓரம் கலைந்து.
"நல்லா இருக்கிற நுரையீரல்னா கொஞ்சம்தான் பரவும்.
உங்களுக்கு இவ்ளோ. ஊதினா தெரியாது,
இருமல்கூட வராது. இது ரொம்ப முன்னாடி."
எதற்கு முன்னாடி என்று நான் கேட்கவில்லை.

அந்தத் தட்டை மேடு எனக்குத் தெரியும்.
ஒரு தை மாதம், வானம் பளிச்சென்று இருந்த நாள்,
ஒரே கொத்தாகப் போன முப்பது படகும்
கொத்தாகத் திரும்பவில்லை.
ஏழுக்கு ரெண்டு, எட்டரைக்கு அஞ்சு,
கடைசியில் 'மேரி ஜோதி' மத்தியானம்.
ஒன்றும் குறையவில்லை.
"எல்லாம் வந்துடுச்சே, என்னடா முழிக்கிறே?"
என்று மயில்வாகனன் வலையை உதறினான்.
மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.
முகத்துவாரத்தில் மணல் ஏறிக்கொண்டிருந்தது,
மேலே தண்ணீர் எப்போதும்போல மினுங்கியது.
நோட்டில் இருந்தது எல்லாம், என் கையெழுத்தில்.
நானே படிக்கவில்லை.
மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு படகு தரை தட்டியது.
அது மயில்வாகனனுடையது.

டீயில் சர்க்கரை அதிகம்.
தினமும் எத்தனை என்று கேட்டாள்.
பத்து என்றேன்.
பதினெட்டு என்று எழுதிக்கொண்டாள்.
ஆறு மாசம் கழித்து வரச்சொல்லி அட்டை தந்தாள்.
வரவேண்டிய தேதி,
பக்கத்தில் வந்த நேரம் என்று ஒரு காலிக் கட்டம்.

ரெட்டிச்சாவடியில் பெட்டிக்கடைக்கு நேராக பஸ் நின்றது.
கயிற்றில் நெருப்பு கனன்றுகொண்டிருந்தது.
இறங்கலாம்.
டிரைவர் என்ஜினை அணைக்கவில்லை.