ஏழாம் எண் பை

தளி காட்டோரம், ஒரு நாவல் மரத்தின்
வடக்குப் பக்கத்தில் எடுத்தது இந்தக் கல்பாசி.
பிரியாணிக்குப் போடுவோமே, அதேதான்.
வேர் கிடையாது.
இலைக்கு இருக்கிற மெழுகுத்தோல் கிடையாது.
ஆண்டுக்கு ஒரு நெல்லின் அகலம் வளர்ந்தால் அதிகம்.
காற்று எதைக் கொண்டுவந்தாலும்
வாசலைச் சாத்தத் தெரியாது அதற்கு.

அந்தத் தெரியாமைக்காகத்தான்
வலைப்பையில் கட்டி, ஓசூர் கம்பெனி வரிசையில்
கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்டேன்.
பன்னிரண்டு பை, தொண்ணூறு நாள்.
பதின்மூன்றாவது தளியிலேயே, பிறந்த மரத்தில்.

ஏழாவது, வார்ப்பட ஆலை வாசலில்.
காவலுக்கு இருந்த மாதேசன் கேட்டார்:
"திருஷ்டிக்காம்மா?"
காத்தைப் பாக்க, என்றேன்.
"அதுக்குத்தான் போர்டு மாட்டியிருக்காங்களே."
மாட்டித்தான் இருந்தார்கள்.
பச்சை விளக்கில் நான்கு எண்கள்.
நான் போன ஐந்து முறையும் அதே நான்கு.

இரண்டாம் மாதம் போனால்
பைக்கு மஞ்சள் பூசியிருக்கிறது.
நடுவில் குங்குமம்,
பக்கத்தில் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கோத்த கம்பி.
"நைட் ஷிப்ட் பசங்கம்மா."
சிரிப்பும் இருமலும் சேர்ந்தே வந்தன அவருக்கு.
"மூணு பேருக்கு நெஞ்சு கட்டிக்கிச்சு.
ஆஸ்பத்திரிக்கும் போனாங்க,
போற வழியில இதுக்கும் ஒரு பொட்டு."

மாதிரி கெட்டுவிட்டது. செய்முறைக் கையேட்டில்
ஒரே சொல்: நீக்குக.
நீக்கத்தான் கழற்றினேன். ஆனாலும்
லேப்பில் பிரித்துப் பார்த்தேன்.
ஒரு சொட்டு நீர் விட்டால் பச்சை திரும்ப வேண்டும்.
தளியில் இருந்ததற்குத் திரும்பியது,
மழை கேட்ட கொல்லை மாதிரி, உடனே.
இது நனைந்தது.
நனைந்து, அப்படியே வெளுப்பாக
விரலோடு மாவாக வந்தது.

அட்டவணையில் ஏழாம் வரிசைக்கு ஒரு கோடு.
குறிப்பு என்ற கட்டத்தில்
'மனிதர் தொட்டது' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, 'மூன்று பேர்' என்றேன்.
அலகு என்ற கட்டம் காலியாகக் கிடந்தது,
மில்லிகிராமா, மூச்சா,
பேனா அதன்மேல் வெகுநேரம் நின்றது.

சாயங்காலம் மாதேசன் போன் செய்தார்.
"அம்மா, அந்தப் பையை எடுத்துட்டீங்களாமே.
புதுசு எப்பக் கட்டுவீங்க?
பசங்க கேக்கறாங்க."