பதினோரு நிமிடக் கடல்

பழைய ஐஸ் ஆலை இது.
மீன் கெடாமலிருக்கக் கட்டிய தடித்த சுவருக்குள்
இப்போது ஓவியங்கள் கெடாமலிருக்கின்றன.
மண்டபத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.
நான் சிரிப்பதில்லை, சம்பளம் இங்கேதான்.

கடலுக்கும் எங்களுக்கும் இருநூறு எட்டு.
ஆனால் அது உள்ளே வரக்கூடாது என்பது விதி.
கதவிடுக்கில் ரப்பர், சன்னலில் இரட்டைக் கண்ணாடி,
கூரையோரம் சிலிக்கான்.
உப்புக்காற்று ஒரே ஒரு மழைக்காலம் நுழைந்தால் போதும்,
துணிக்குப் பின்னால் ஆணி துருவேறி
வானத்தில் பழுப்பாய் ஒரு புள்ளி விழும்
என்கிறாள் ஜுலைகா.
கண்ணில் உருப்பெருக்கி. கையில், எச்சில் தொட்ட பஞ்சு.
பழைய சாயத்தைத் துடைக்க
எச்சிலைவிட நல்ல திரவம் எந்தக் கம்பெனியிலும் இல்லையாம்.

ஈரம் உறிஞ்சும் எந்திரம் இரவெல்லாம் உறுமும்.
காலையில் அதன் வாளியில் ஏழு லிட்டர்:
உப்பில்லாத கடல்.
நம்புவள்ளி அதைப் பின்வாசல் முருங்கைக்கு ஊற்றுகிறாள்.

என் வேலை சத்தம்.
மூன்றாம் கூடத்தில் பதினான்கடி நீளத்துக்குக் கடல் ஓவியம்.
எதிரே நிற்பவருக்கு அலை கேட்க வேண்டும்.
வெளியே இருக்கிற அலையை அடைத்துவிட்டு
உள்ளே ஸ்பீக்கரில் அலை விடுவதா,
செலின் மேடத்திடம் கேட்டேன்.
"அதுக்குப் பேருதான் மியூசியம்" என்றார்,
கோப்பிலிருந்து நிமிராமல்.

வடக்குக் கரையில் மைக் நட்டுப் பதிந்தேன்.
பதினோரு நிமிடம்.
நாய் குரைத்ததை வெட்டினேன்,
ரயில் பாலமேறும் ஓசையை வெட்டினேன்,
வாலையும் தலையையும் தையல் தெரியாமல் ஒட்டினேன்.
எட்டு ஸ்பீக்கர். ஆள் வந்தால் விழிக்கும் சென்சார்.
திறப்புவிழாவுக்கு மூன்று நாள்.

துடைப்பத்தோடு வந்த நம்புவள்ளி
சென்சாரை எழுப்பிவிட்டாள்.
ஒரு சுற்று முழுக்க நின்று கேட்டாள்.
பாசி எடுக்கப் பதினைந்து வருஷம் மூழ்கிய காது,
ஒருபக்கம் இன்னும் அடைப்புத்தான்.
"படத்துல தீவு தெரியுது, அப்ப அது தெக்கு. ஆம்பளைக் கடல்.
சோளகத்துல மண்ணக் கலக்கிட்டு நிக்குது.
நீ விட்டுருக்கது வடக்கு, பொம்பளைக் கடல்,
அதுவும் காத்து விழுந்த நேரம்.
ஒருத்தர் உடம்புல இன்னொருத்தர் தலைய
வச்ச மாதிரி இருக்கு."

திரையில் அலைவரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பச்சைக் கோடுகள்
எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை.

அன்றிரவே தெற்கே போனோம்,
அவள் புருஷனின் ஆட்டோவில், மூன்று பேர், ஒரு மைக்.
காற்று அறைந்தது. ஹெட்போனில் வெறும் இரைச்சல்.
பஞ்சு உறை போதவில்லை.
மடியிலிருந்து துணிக்கீற்றுகளை எடுத்தாள்,
பாறையில் விரல் கிழியாமல் மூழ்கும்போது சுற்றுவது.
மைக்குக்கு ஒரு சுற்று. இன்னொன்று. இன்னொன்று.
கடல் தெளிந்தது.
அலை திரும்பும்போது கல்லிடுக்கில் ஒரு கரகரப்பு,
தூக்கத்தில் யாரோ பல் கடிப்பதுபோல.
"அத மட்டும் வெட்டிராத" என்றாள்.

சுவர் அட்டையில்
ஓவியர் பெயர், நன்கொடையாளர் பெயர், சாயம், அளவு.
ஒலி என்ற இடத்தில் நான் எழுதிக் கொடுத்த இரண்டு பெயரில்
ஒன்றை "நம்பவல்லி" என்று அடித்திருந்தார்கள்.
அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்,
பிறகு போகட்டும் என்று விட்டாள்.

திறப்புவிழாக் கூட்டம் வடிந்த சாயங்காலம்
விசைப்படகு ஓட்டுகிற ஒருவர் வந்தார்.
போனை எடுக்கவில்லை. அட்டையைப் படிக்கவில்லை.
அலை வந்தது, திரும்பியது, கரகரத்தது.
அவர் கை அவருக்குத் தெரியாமலே கீழே போய்
கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியது.

நாங்கள் கண்காணிப்புத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஜுலைகா சட்டென்று ஈரமானியைத் திரும்பிப் பார்த்தாள்.
ஐம்பத்தைந்து.
ஏறவில்லை.