ஏழாம் புள்ளி

இரசாயனவியல் பேப்பர் வகுப்பைக் கட் பண்ணிவிட்டு
மண்டூர்த் துறையில் பாதை ஏறினேன்.
"அதுக்குப் போனா இசட் ஸ்கோர் கூடுமாகா?"
யதுர்ஷிகா நேற்றே கேட்டாள்.
கூடாது.
பரீட்சைக்கு இன்னும் நூற்றுப் பதினொரு நாள்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு இடம் கொடுத்திருந்தார்கள்.
மற்ற இடத்துக்குப் பெயர் கொடுத்தவனுக்குக் காய்ச்சல்.
குருமண்வெளியில் இறங்கி, மெயின் றோட்டில் நின்று,
கல்முனை பஸ்ஸில் தொங்கி, மட்டக்களப்பில் மாறி
வந்தாறுமூலைக் கேற்றடியில் போய் நிற்க
சப்பாத்து இரண்டும் புழுதி.

மேசையில் ஒரு அட்டை தந்தார்கள். பெயர். நிறுவனம்.
எனக்கு முன்னால் எழுதியவர் நாலு எழுத்தில் முடித்துவிட்டார்.
நான் ஊரில் தொடங்கி, சாமி பெயரையும் எழுதி,
மகா வித்தி வரை வந்தேன்.
அதற்கு மேல் அட்டை இல்லை.

ஏசிக் குளிரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.
வெள்ளை யூனிபோமில் இருந்து நடுங்கினேன்.
முதல் மூன்று உரையில் எனக்கு விளங்கியவை:
தாங்க்யூ,
நெக்ஸ்ட் ஸ்லைட்,
இலக்கங்கள்.

நாலாவதாக ஒருவர் வந்தார். சண்முகராசா துஷாந்தன்,
என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும்,
மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார், அவருக்கும் பயம்.
மறுகா, திரையில் எங்கள் வாவி எழும்பி நின்றது.
பிறந்த நாள்முதல் படுக்கையிலேயே பார்த்த ஒன்றை
யாரோ கைத்தாங்கலாய் நிமிர்த்தி வைத்ததுபோல.
அதன் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள்.
ஏழாம் புள்ளி
காலையில் நான் பாதையால் இறங்கிய இடம்.

அங்கே மட்டும் கலங்கல் கூடவாம்.
மற்றப் புள்ளிகளில் சும்மா கிடந்த கோடு
ஏழில் வந்து குத்தூசிபோல் நிமிர்ந்தது.
படுவான்கரை வயல் வடிச்சலாக இருக்கலாம் என்றார்,
உரமாக இருக்கலாம் என்றார்,
இனிமேல்தான் ஆராய வேண்டும் என்றார்.
அட்டவணையின் கடைசிப் பெட்டியில் சின்ன எழுத்தில்
நேரம்: ஒன்பதேகால்.

ஒன்பதேகாலா?
ஒன்பதேகாலுக்குப் பாதை அந்தக் கரை தட்டும்.
ஆறு மோட்டச் சைக்கிள், முட்டைப் பெட்டி, நாற்பது சனம்,
அவ்வளவு பாரத்தையும் இழுத்துவந்த மோட்டர்
கரையோரச் சேற்றைக் கிண்டிக் கிண்டி எடுக்கும்.
அரை மணித்தியாலம் அந்தத் தண்ணி தேத்தண்ணி நிறம்.
வயலில் பிழை இல்லையென்று நான் சொல்லவரவில்லை.
இதையும் பார்த்தீர்களா என்றுதான்.

கை உயர்த்தினேன். காதுவரைக்கும்தான்.
பிறகு தலைக்கு மேலே.
மைக் பிடித்த பெடியன் இரண்டு வரிசை தாண்டும்போது
தலைமை வகித்தவர் மணிக்கூட்டைப் பார்த்து,
கேள்விகளைத் தேநீர் இடைவேளையில் கேட்கலாம் என்றார்.

தேநீர் இடைவேளையில் அவரைச் சுற்றி ஐந்து கோட்.
எனக்கு ஒரு கையில் ரோல்ஸ், மறு கையில் கோப்பை,
வாயில் ஆங்கிலத்துக்கு மாற்றி மாற்றிப் பார்த்த
ஒரு வசனம், வினைச்சொல் இல்லாமல்.
அவர் ஒருதரம் என் பக்கம் பார்த்தார்.
நான் ரோல்ஸைப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு படிவம் தந்தார்கள்:
இருக்கை வசதி எப்படி? உணவு எப்படி?
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
தமிழில், மாஸ்டர் திருத்தும் விடைத்தாளில்போல
ஒழுங்காக எழுதினேன். பாதை வரும் நேரங்கள்,
போகும் நேரங்கள், ஞாயிறு வேறு என்பது.
பெட்டியில் போட்டேன். அதை யார் திறப்பார்களோ.

சான்றிதழும் கிடைத்தது. என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.

பின்னேரம் ஐந்தே முக்கால், குருமண்வெளித் துறை.
பாதை இன்னும் அக்கரையில்.
முழங்கால்வரை இறங்கி
அவர்கள் தந்த போத்தலில் தண்ணி மொண்டேன்.
பாதை வந்து, சனம் இறங்கி முடிய
வீட்டிலிருந்து கொண்டுபோன போத்தலில் மொண்டேன்.
பாதைக்காரர் சத்தம் போட்டார், "ஏறு பிள்ளை, இருளப்போகுது."
அவர்கள் தந்த பேனையால்
இரண்டிலும் நேரம் எழுதினேன்.

இப்போது இரண்டும் மேசையில்,
நான் தவறவிட்ட வகுப்பின் பேப்பருக்குப் பக்கத்தில்.
ஒன்றில் அடியில் நூல் அளவு மண்.
மற்றதில் ஒரு விரல்.
அடிமட்டம் வைத்து அளந்துவிட்டு
முதலாம் கேள்விக்குப் போகிறேன்.