ஏழு விநாடி

கேள்வி கேட்டால் ஏழு விநாடி பொறு,
பதிலை நீயே சொல்லிவிடாதே
என்று எழுதித் தந்திருந்தார்
பின்வரிசையில் உட்கார்ந்து என்னை அளக்கும்
திருமதி ஃப்ரீசன்.

வின்னிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சாப்பாட்டு இடைவேளை முடிந்த பத்தாம் வகுப்பு.
“பனிக்கட்டி ஏன் மிதக்கிறது?”

ஒன்று. இரண்டு.
ஹீட்டர் மட்டும் கனைத்தது.
மூன்றில் மேசைக்கடியில் ஒரு போன் ஒளிர்ந்தது.
நான்கை இழுத்து இழுத்து எண்ணினேன்.
ஐந்தில் பதில் என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது,
கடித்துக்கொண்டேன்.
ஆறில்,
நான் வந்த நாளாய் வாய் திறக்காத ஜெரிக்கோ
கை தூக்கினான்.

“மிஸ், பாத்ரூம் போகலாமா?”

வகுப்பே சிரித்தது. நானும்தான்.
கதவருகே போனவன் நின்று திரும்பினான்:
“மிதக்காட்டி ஆத்துல மீனெல்லாம் செத்திருக்குமே?”

“ஏன் சாகணும்?” என்றது ஜன்னலோரம்.
போன் கவிழ்ந்தது.
ஏழு எங்கே போனதோ.

அவன் பாத்ரூம் போகவேயில்லை.