ஐந்தாவது நிரல்

பதிவேட்டில் ஐந்து நிரல்கள்:
திகதி, பெயர், வகுப்பு, குற்றம்,
கடைசியில் தண்டனை.
எனக்கு முன்னிருந்த ஒழுக்காற்று ஆசிரியர்
அதில் எண்களை மட்டும் எழுதிப் போயிருக்கிறார்.
நான்கு. ஆறு.
ஒரு மாரிகாலம் முழுக்க ஆறு.

செவ்வாய், பள்ளி விட்ட பிறகு,
பத்தாம் வகுப்புத் தர்மிகன்
நிஷாகரனின் சைக்கிளைத் தூக்கிச்
சாம்பல்தீவுப் பாலத்தின் மேலால்
களப்புக்குள் போட்டான்.
இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கண்டார்கள்.
அவன் ஓடவில்லை.
கைப்பிடி தாழும்வரை நின்று பார்த்தானாம்.

மறுநாள் நிஷாகரனின் அம்மா வந்தா.
"ரெண்டு சாத்துச் சாத்தி விடுங்கோ சேர்.
ஆனா, சைக்கிள் எங்க?"
இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் கிடந்த தூரத்தை
அன்றிரவு முழுக்க நடந்தேன்.

போன தவணை வலயக் கந்தோரில் ஒரு பயிற்சி.
மீண்டெழும் ஆற்றல் எதுவென்று விளக்க
வளவாளர் ஒரு ரப்பர் பந்தை நிலத்தில் அடித்தார்.
பந்து எழும்பியது, வாசலால் போனது,
கானுக்குள் விழுந்தது.
சிரித்தோம். தேநீர் வந்தது.
அந்தப் பந்தை யாரும் போய் எடுக்கவில்லை என்பது
இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

வியாழன். விஞ்ஞான ஆய்வுகூடம்.
வட்டமாக ஏழு கதிரைகள், நடுவில் மேசை இல்லை.
வலையில் கட்டும் மஞ்சள் மிதப்பு ஒன்று.
மிதப்பு யார் கையிலோ அவர் கதைக்கலாம்,
மற்றவர்கள் கேட்கலாம்.
கேட்பதென்றால் கேள்வி கேட்பதல்ல
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
"ஏன் செய்தாய்?"
நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது.

நிஷாகரன் சொன்னான்:
தங்கச்சி அலஸ்தோட்டத்துக்கு டியூசன் போறது
அந்தச் சைக்கிளில.
இப்ப நடந்து போறாள்.
வரேக்க இருட்டு. நாய்கள்.
தர்மிகன் தலை நிமிர்ந்தது அப்போதுதான்.
அப்படி ஒரு தங்கச்சி
அவன் கணக்கிலேயே இருக்கவில்லை.

மிதப்பு அவனிடம் போனது.
"எ... எ..." என்றான்.
யாரும் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை.
குழாயில் நீர் சொட்டியது, காத்திருந்தோம்.
"என்னைப் போல க-கதைச்சுக் காட்டினவன்.
கன்டீனில. ஒவ்வொரு நாளும்."
நிஷாகரன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

பிறகு என் கைக்கு வந்தது.
நடத்துகிறவன்தானே என்று
அடுத்த கைக்குக் கடத்தியிருக்கலாம்.
தண்ணீரில் தாழாத பொருள்
உள்ளங்கையில் இப்படிக் கனக்குமா?

திங்கட்கிழமை
நான்தான் அவனை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னேன்.
சல்லிக் கரையில் பிறந்த பிள்ளை
'கடல்' என்ற சொல்லில் அகப்பட்டு நின்றான்.
பின்வாங்கில் எழுந்த சிரிப்பு எனக்கும் கேட்டது.
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

அதைச் சொன்னேன்.
ஒரே மூச்சில் அல்ல.

சனிக்கிழமை இறால்காரர்கள் நங்கூரம் போட்டு
சைக்கிளை இழுத்துத் தந்தார்கள்.
சங்கிலியில் சேறு, ஆசனத்துக்குள் ஒரு நண்டு.
உப்புவெளியில் இர்ஷாத் நானாவின் கடையில்
இருவரும் கழற்றிக் கழுவினார்கள்,
தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லாமல்.
அதுவரை தங்கச்சிக்குத் தர்மிகனின் அக்காவுடைய சைக்கிள்.
அக்காவிடம் கேட்டு வாங்கியதும் அவன்தான்,
திக்கித் திக்கி.

நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.
ஆகவில்லை.
கன்டீனில் இப்போது
ஒன்பதாம் வகுப்புக்காரன் ஒருவன் தொடங்கியிருக்கிறான்.
மிதப்பு என் லாச்சிக்குள் கிடக்கிறது.
அதற்குப் பக்கத்தில் பிரம்பும்தான்,
பொய் சொல்வானேன்.

ஐந்தாவது நிரல் ஒடுக்கமானது,
ஓர் எண் மட்டும் இருக்கக் கோடு கிழித்தது.
எழுத்தை நெருக்கி, ஓரத்தில் வளைத்து எழுதினேன்:
முன் பிரேக் இன்னும் பிடிக்கவில்லை.
வரும் சனிக்கிழமை மறுபடியும்.
மூவரும்.